ஹேமலதா கொண்டுவந்த விதி

வேப்பங்குட்டை நகராட்சியில் ஹேமலதா கவுன்சிலர் ஆனது அவள் ஆசைப்பட்டு நடந்ததல்ல. தேர்தலில் நிற்கலாம் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தவன் அவள் கணவன் மகேந்திரன். கடைசி நேரத்தில் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவன் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயரைக் கொடுத்தான். அதுவரை அவள் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். அவன் அதே மாதிரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவள் ஜெயித்தாள். ஆனால் ஊர் அவனைத்தான் ‘கவுன்சிலரே’ என்று கூப்பிட்டது. தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவர்கள் அவள் எதிரில் நின்றுகொண்டே, “அண்ணன் இல்லீங்களா?” என்று கேட்டார்கள். அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் தன் வேலை என்று அவளும் கொஞ்ச காலம் இருந்துவிட்டாள்.

அதை மாற்றியது ஷஹீன் பானுவின் ஸ்கூட்டி. ஷஹீன் கம்பெனியில் அவள் லைனில் தைத்தவள்; அவளை அக்கா என்று கூப்பிடுகிறவள். மகளுக்குக் காய்ச்சல் என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் வண்டியைக் காணோம். டோயிங் வண்டிக்காரர்கள் தூக்கிப்போயிருந்தார்கள். அங்கே நோ பார்க்கிங் போர்டும் கிடையாது, தூக்கியவர்களுக்கு யாரும் உரிமம் கொடுத்ததும் கிடையாது. எவன் வேண்டுமானாலும் ஒரு பழைய வண்டியில் கொக்கி மாட்டிக்கொண்டு, கையில் அகப்பட்டதைத் தூக்கி, கேட்டதைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷஹீன் வெயிலில் ஊர் முழுக்க அலைந்தாள். ஒரு தோல் ஷெட்டின் பின்னால் வண்டி கிடைத்தபோது அதன் முன்பக்கம் நொறுங்கிப்போயிருந்தது.

“இத கேக்க ஒரு ஆளு இல்லியா அக்கா?” என்றாள் ஷஹீன்.

ஹேமலதா அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டோயிங் வண்டிகளுக்கு நகராட்சி உரிமம் வேண்டும், போர்டு இல்லாத இடத்தில் தூக்கக் கூடாது, தூக்குவதற்கு முன் மைக்கில் வண்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், சொந்தக்காரர் வந்துவிட்டால் அங்கேயே விட்டுவிட வேண்டும். இப்படி ஒன்றொன்றாக அவள் யோசித்தாள். மகேந்திரன் சிரிப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. சாயங்காலங்களில் டீயை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“எந்தெந்த ரோட்ல போர்டு வெக்கறதா இருக்க?” என்று கேட்டான். “மைக்ல கூப்டாங்களா இல்லியான்னு யார் பாக்கறது?” என்று கேட்டான். ஒரு நாள் அவனே சொன்னான்: “லைசென்ஸ் ஒருத்தருக்கு மட்டும்னு எழுது ஹேமா. நாலு பேருக்கு குடுத்தா எவன் தூக்கனான்னே தெரியாது. ஒருத்தன்னா புடிச்சி கேக்கலாம்.”

நல்ல யோசனை என்று அவளுக்குப் பட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பேச அவன் கேட்ட நாட்கள் அவைதான். தான் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று அவன் கண்டுகொண்டான் என்று நினைத்து, அவள் சமையலறையில் தனியாக நின்று சிரித்துக்கூடக் கொண்டாள்.

விதி கூட்டத்தில் நிறைவேறியது. உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். ஷஹீன் வீட்டிலிருந்து ஒரு தூக்குப் போணியில் பிரியாணி வந்தது. உரிமம் காவேரிப்பாக்கத்துக்காரர் ஜம்புலிங்கம் என்பவருக்குக் கிடைத்தது. கிரேன் ஓட்டிப் பழக்கமுள்ளவர் என்றார்கள். ஹேமலதா அவரைப் பார்த்ததில்லை. புதுச் சாயம் பூசிய டோயிங் வண்டி, நகராட்சி முத்திரையோடு கடைவீதியில் வந்தபோது, அதைத் தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நாளில் புகார்கள் வர ஆரம்பித்தன. போர்டைத் தாண்டி நிற்கும் வண்டியையும் தூக்குகிறார்கள், மைக் வாயே திறப்பதில்லை என்றார்கள். “புது ஆளுங்க, போகப் போக சரியாயிடும்” என்றான் மகேந்திரன். அவளும் நம்பினாள்.

ஒரு மத்தியானம் ஷஹீன் மூச்சிரைக்க வந்து நின்றாள். மறுபடி அதே ஸ்கூட்டி. இந்த முறை அவள் பத்தடி தூரத்தில் நின்று, “என் வண்டிதான், எடுத்துடறேன்” என்று கத்தியிருக்கிறாள். வண்டிக்குள் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வா, நானே வர்றேன்” என்று செருப்பை மாட்டினாள் ஹேமலதா.

தூக்கிய வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம் வாணியம்பாடி போகும் ரோட்டில், மூடிப்போன ஒரு தோல் ஷெட்டுக்குள் இருந்தது. வாசலில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

“வண்டியாம்மா? ஆதார் எடுத்தாந்தியா?”

“ஜம்புலிங்கத்த பாக்கணும்.”

“நான்தான். இன்னா?”

“மைக்ல கூப்டாம ஏன் தூக்கனீங்க? லைசென்ஸ் எதுக்கு வாங்கனீங்க?”

அந்த ஆள் அலுத்துக்கொண்டார். “லைசென்ஸு என் பேர்ல இருந்தா ஆச்சா? என்கிட்ட சண்ட போட்டு இன்னா பண்றது? ஓனர் உள்ள இருக்காரு. அவராண்ட பேசிக்கோ.”

உள்ளே வரிசையாக ஸ்கூட்டர்கள். அவற்றுக்கு நடுவே ஃபேனைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மகேந்திரன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காலையில் அவள் கட்டிக்கொடுத்த சாதம். அவளைப் பார்த்ததும் வாயில் வைத்த கவளத்தை அவசரமாக விழுங்கினான். ஓடி ஒளியவில்லை, பயப்படவும் இல்லை. “நீ ஏன் இங்கெல்லாம் வர்ற?” என்றான், வேண்டாத இடத்தில் வேண்டாத நேரத்தில் வந்துவிட்டாள் என்பதுபோல.

டீயோடு அவன் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு சாயங்காலமும் ஹேமலதாவின் முன்னால் வந்து நின்றது. எந்த ரோடு என்று அவன் கேட்டது, யார் பார்ப்பது என்று கேட்டது, ஒருத்தருக்கு மட்டும் என்று சொன்னது. அவள் பேச்சை அவன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எங்கே ஓட்டை விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளைக் கொண்டே அதை எழுதவைத்திருக்கிறான்.

அவள் திரும்பினாள். ஷஹீனின் முகத்தைப் பார்த்தபோதுதான் அடி முழுசாக இறங்கியது.

“ஷஹீன், சத்தியமா எனக்கு...”

“தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க அக்கா.” ஷஹீனின் குரல் உயரவே இல்லை. “அப்ப தூக்கனவன் யாரோ ரவுடி. அவன திட்டிட்டு போய்ட்டேன். இப்ப யார திட்டறது?”

மகேந்திரன் எழுந்து வந்து, “ஏய், இது நம்ம ஆளு, வண்டிய விட்று” என்று ஜம்புலிங்கத்திடம் சொன்னான். ஷஹீன் கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு, ஹேமலதாவைப் பார்க்காமலே ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் மகேந்திரன்தான் முதலில் பேசினான். “இன்னா ஆயிப்போச்சி இப்ப? ஊர்ல எவனோ சம்பாதிக்கறத நம்ம சம்பாதிக்கறோம்.”

“நான் எழுதனத என் கண்ணு முன்னாலயே உடைக்கறீங்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லல.”

“சொன்னா ஒத்துக்குவியா? உன்ன நிக்க வெச்சது யாரு, வீடு வீடா போய் ஓட்டு கேட்டது யாரு? எனக்குன்னு ஒண்ணு வேணாமா?”

“கூட்டத்துல சொல்லிடுவேன்.”

அவன் அதற்கும் தயாராக இருந்தான். “சொல்லு. கவுன்சிலர் குடும்பம் நகராட்சி காண்ட்ராக்ட்ல இருந்தா கவுன்சிலர் பதவியே போய்டும். உனக்குத் தெரியாம நடந்துதுன்னு எவன் நம்புவான்? நீயும் ஷஹீன் மாதிரி நாலு பேரும் உக்காந்து அழ வேண்டியதுதான்.” பிறகு தணிந்த குரலில், “சாப்டு வா, ஹேமா. பேஜார் பண்ணாத” என்றான்.

அடுத்த கூட்டத்தில் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஹேமலதா எழுந்தாள். சேர்மன் கை காட்டி, “உக்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்” என்றார். அவள் உட்காரவில்லை.

“டோயிங் லைசென்ஸ் ஜம்புலிங்கம் பேர்ல இருக்கு. நடத்தறது என் வீட்டுக்காரர். வண்டி அவரோடது. விதிய மீறித்தான் தூக்கறாங்க. லைசென்ஸ ரத்து பண்ணுங்க. என் மேல என்ன நடவடிக்கையோ அதயும் எடுங்க.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “பங்கு பிரிக்கறதுல தகராறு போல” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் சொன்னதை அவர்கள் பொய் என்று நினைக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கு இப்படி ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று நினைத்தார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

உரிமம் ரத்தானது. விசாரணை நடந்து, அவள் பதவியும் போனது. ஆனால் இதைச் சாக்காக வைத்து, டோயிங் விதியையே மறுபரிசீலனை என்று கிடப்பில் போட்டுவிட்டார்கள். போர்டுகளை யாரும் கழற்றவில்லை. அவற்றின் அடியில், முத்திரையில்லாத வண்டிகள் முன்பு மாதிரியே கொக்கியோடு வந்து நிற்க ஆரம்பித்தன. ஊரில் சிலர் அவளை நேர்மைக்காரி என்றார்கள். சிலர் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைப் பறிகொடுத்தவர்களோ எதுவும் சொல்லவில்லை. அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஹேமலதா மகேந்திரனை விட்டுத் தன் அக்கா சாவித்திரியின் வீட்டுக்கு வந்துவிட்டாள். பழைய கம்பெனியில் வேலை கிடைத்தது. சூப்பர்வைசர் இடத்தில் வேறு ஆள் வந்திருந்ததால், மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். அடுத்த லைனில் ஷஹீன். நூல் வேண்டும் என்றால் கேட்பாள், கத்தரிக்கோல் கேட்டால் கொடுப்பாள். அக்கா என்றுதான் கூப்பிட்டாள். வேலை விட்டதும் தனியாகப் போய்விடுவாள்.

அடுத்த தேர்தல் பேச்சு கிளம்பியபோது, ஒரு காலை கம்பெனி வாசலில் மகேந்திரன் நின்றிருந்தான். கூடவே அவன் தம்பி மனைவி சங்கீதா, புதுப் புடவையில்.

“இந்த வாட்டி சங்கீதாவ நிறுத்தறோம்” என்றான். “நீ ரெண்டு நாள் கூட வந்து ஓட்டு கேளு, போதும். பதவிய தூக்கிப் போட்டவள்னு இப்ப ஊர்ல உன் பேருக்கு ஜாஸ்தி மரியாத ஹேமா. உன் மூஞ்சிக்கு ஓட்டு விழும்.”

அவன் வெட்கப்படாமல்தான் சொன்னான். நல்ல செய்தி கொண்டுவந்தவனைப்போலச் சொன்னான். அவளிடம் மிச்சமிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் எடுத்துப்போக வந்திருக்கிறான் என்று ஹேமலதாவுக்குப் புரிந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். களைப்புதான் வந்தது.

“நான் வந்தா நடந்தத எல்லாம் வீடு வீடா சொல்லுவேன். பரவால்லியா?” என்றாள்.

மகேந்திரன் முகம் சுருங்கியது. அவள் சங்கீதாவின் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லு சங்கீதா. நிக்கணும்னு உனக்கு ஆசையா இருக்கா?”

சங்கீதா வாயைத் திறந்தாள். பதில் சொல்வதற்கு முன் மகேந்திரனின் முகத்தைப் பார்த்தாள்.

கம்பெனி சங்கு ஊதியது. ஹேமலதா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.