நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள், அன்று மாலை தெருவிலிருந்து வந்த கரகரப்பான பாட்டைக் கேட்டு மாடி ஜன்னலைத் திறந்தாள். எதிர் நடைபாதையில் நின்று புருஷன் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டும் சீருடையைக்கூட மாற்றவில்லை.

அவளுக்குப் பகீரென்றது. அந்தத் தெருவின் நடுக்கோடுதான் இரண்டு மாநிலங்களுக்கும் எல்லை. வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவளுக்குச் சட்டம் அத்துப்படி. தெருவில் கூச்சல் போட்டால் அண்ணன் வீட்டுப் பக்கம் வெறும் அபராதம். அவன் நின்ற பக்கமோ குற்ற வழக்கு. வழக்கு பதிவானால் பள்ளிப் பேருந்தை அவன் மறந்துவிட வேண்டியதுதான்.

அதற்குள் அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் வந்தேவிட்டார். "யோவ், இன்னும் ஒரு வரி பாடினே, உள்ளே தள்ளிடுவேன்!"

"என் பொண்டாட்டி பேசுற வரைக்கும் பாடுவேன் சார்."

"தாயே, ஏதாவது பேசித் தொலைங்கம்மா!" என்று போலீஸ்காரர் மாடியைப் பார்த்துக் கும்பிட்டார்.

புருஷன் அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தான்.

"ஏங்க! வாயை மூடிக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க!"

அவன் ஒரே ஓட்டமாக நடுக்கோட்டைத் தாண்டி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். "கோபம் போயிடுச்சா?"

"போகலை. உங்க வேலை போயிடுமேன்னுதான் கூப்பிட்டேன்."

"இங்கே பாடினா?"

"அபராதம்தான்."

"அப்ப பாடட்டுமா?"

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மேலே வந்து மெதுவாப் பாடுங்க" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறக்கப் படியிறங்கினாள்.