ஹைதம் வீட்டு பாய்லர்

போன் அடித்தபோது நுஹா ஒரு வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மிதவை மாட்டிக்கொண்டிருந்தாள். காலை பத்து மணி இருக்கும். ஜனவரி மாதம். ஜோர்டான் தலைநகர் அம்மானில் மூன்று நாளாக விடாமல் மழை. குளிர்காலத்தில் ஒரு பெண் பிளம்பருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கணவன் ஊரில் இல்லாத நேரத்தில் அந்நிய ஆணை உள்ளே விடத் தயங்குகிற பெண்கள் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

“பாய்லர் பாக்கற நுஹாவா?” இளம் பெண் குரல். “எங்க வீட்டு பாய்லர் பத்து நிமிஷம் எரியுது, அப்புறம் கறுப்பா புகை விட்டு அணைஞ்சுபோயிடுது. நானும் பட்டனை அமுக்கி அமுக்கிப் பாக்கறேன். ரூம்ல இருக்கற ரேடியேட்டர் ஒண்ணும் சூடாகவே மாட்டேங்குது. நாலு மாசக் குழந்தை இருக்கு. எனக்கு வேற காலையிலேர்ந்து தலை வெடிக்குது.”

நுஹா மிதவையைக் கீழே வைத்தாள். “தலைவலியா? முதல்ல பாய்லரை அணைங்க. பட்டன் இல்ல, மெயின் சுவிட்ச். எல்லா ஜன்னலையும் திறந்துட்டு, குழந்தையைத் தூக்கிட்டு வெளியே போங்க.”

“வெளியே மழை கொட்டுதே.”

“நனைஞ்சா துடைச்சுக்கலாம். போங்க. நேரா டாக்டர்கிட்ட போய் புகை விஷயத்தைச் சொல்லி ரெண்டு பேரையும் பாக்கச் சொல்லுங்க. வீடு எங்கே?”

“ஜபல் அத்தாஜ். பள்ளிவாசல் படிக்கட்டு ஏறினா பச்சை இரும்புக் கதவு. ரெண்டாவது மாடி. ஹைதம் வீடுன்னு...”

“தெரியும்,” என்று நுஹா போனை வைத்தாள்.

தெரியாமல் என்ன? அந்த வீட்டில் அவள் ஆறு வருஷம் குடும்பம் நடத்தியவள்.

ஹைதம் அக்கபா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பத்து நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். அவன் இல்லாத ஒரு குளிர்காலத்தில், வீட்டைச் சூடாக்கும் டீசல் பாய்லர் நின்றுபோனது. மெக்கானிக் நாளை வருகிறேன், நாளை வருகிறேன் என்று ஒரு வாரம் இழுத்தடித்தான். நுஹா பொறுத்துப் பார்த்துவிட்டு தானே பர்னரைக் கழற்றினாள். டீசல் வடிகட்டியில் சேறு மாதிரி ஏதோ அடைத்திருந்தது. கழுவி மாட்டினாள், எரிந்தது. அன்று அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் வேறு எதிலும் ஏற்பட்டதில்லை. அப்புறம் மாடிவீட்டு பாய்லர், எதிர்வீட்டுக் குழாய், கடைசியில் ஆறு மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ்.

ஹைதமுக்கு அது பிடிக்கவில்லை. காபிக் கடையில் நண்பர்கள் அவனை “வாங்க பிளம்பர் வீட்டுக்காரரே” என்று கேலி செய்த அன்று வீட்டுக்கு வந்து கத்தினான். “அந்த டூல்ஸ் பை வேணுமா, நான் வேணுமா?”

நுஹா பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். விவாகரத்தும் ஆனது. அது நடந்து நான்கு வருஷம் ஆகிறது.

வழியில் இரண்டு முறை வண்டியை ஓரம் கட்டினாள். பயிற்சியில் கூடப் படித்த ஹனாதி இருக்கிறாள்; அவளை அனுப்பலாம். ஆனால் ஹனாதி ஊரின் அந்தக் கோடியில் இருந்தாள். நாலு மாதக் குழந்தை என்று அந்தப் பெண் சொன்ன குரல் காதிலேயே நின்றது. நுஹா வண்டியைக் கிளப்பினாள்.

அந்தப் பெண் எதிர்வீட்டு வாசலில் காத்திருந்தாள். லுப்னா என்று பெயர் சொன்னாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் கம்பளிக்குள் குழந்தை. மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

“படிக்கட்டுக்குக் கீழேயே கிளினிக். டாக்டர் உடனே ரத்தம் எடுத்துப் பாத்துட்டார். பயமில்லையாம். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்திருந்தா...” கம்பளியை இன்னும் இழுத்து மூடினாள்.

“இல்லையே. வெளியே வந்துட்டீங்களே. அல்லா காப்பாத்தினான்,” என்றாள் நுஹா. “நான் சொல்ற வரைக்கும் உள்ளே வராதீங்க.”

பாய்லர் சமையலறைப் பால்கனியில் அதே மூலையில் இருந்தது. ஆனால் பால்கனிதான் மாறியிருந்தது. முன்பு திறந்திருந்த இடத்தையெல்லாம் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்டு இண்டு இடுக்கில்லாமல் அடைத்திருந்தார்கள்.

“யார் இதை மூடினது?” நுஹா உள்ளேயிருந்து கத்தினாள்.

“அவர்தான்! துவைக்கிற மிஷின் நனையுதுன்னு.”

“மிஷின் நனையக் கூடாது, பாய்லர் மட்டும் மூச்சு முட்டிச் சாகலாமா?”

முதல் வேலையாக ஒரு கண்ணாடியைச் சட்டத்தோடு கழற்றிச் சுவரில் சாய்த்தாள். சில்லென்று காற்று உள்ளே வந்தது. புகைக்குழாயின் அடிக்கதவைத் திறந்ததும் கரி பொலபொலவென்று பாதத்தில் கொட்டியது. இரண்டு வாளி நிறைய அள்ளினாள். மொட்டை மாடிக்குப் போய் நீளக் கம்பியில் பிரஷ்ஷைக் கட்டி மேலிருந்து கீழே வரை தேய்த்தாள். பர்னரில் டீசல் பீச்சும் மூக்கை மாற்றினாள், வடிகட்டியை மாற்றினாள், உள்ளே நெருப்பு ஓடும் குழாய்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் சுவிட்சைப் போட்டபோது, சிறு கண்ணாடி வழியே சுடர் நல்ல மஞ்சளாகப் பிடித்து நின்றது. விஷப்புகை அளக்கும் கருவியை வீடு முழுக்க நடந்து காட்டினாள். பூஜ்ஜியம். இன்னும் அரை மணி நேரம் எரியவிட்டாள். மறுபடி பூஜ்ஜியம்.

“இப்ப வாங்க.”

லுப்னா உள்ளே வந்து அவளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். “ஐயோ அக்கா, முகமெல்லாம் கரி!”

“பவுடர் போட எனக்கு எங்கே நேரம்? இதான் எங்க அலங்காரம்.”

இனி ரேடியேட்டர்களில் அடைத்திருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். நுஹா கூடத்து ரேடியேட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இடது பக்கம் திரும்பி, கடைசி அறையின் கைப்பிடியில் கை வைத்தாள். அந்த அறைக்குப் போகும் குழாய் கதவுக்கு மேலே ஏறி இறங்கும். காற்று எப்போதும் அங்கேதான் மாட்டும். கை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முதல் தடவை வருகிற பிளம்பருக்கு அது எப்படித் தெரியும்? அது படுக்கையறை வேறு. கையை எடுத்துக்கொண்டாள்.

“போங்க அக்கா,” என்றாள் லுப்னா பின்னாலிருந்து மெதுவாக. “உங்களுக்குத் தெரியாத ரூமா?”

நுஹா திரும்பவில்லை. “உங்களுக்குத் தெரியுமா?”

“நம்பர் கொடுத்ததே அவர்தான். காலையில போன் பண்ணி அழுதேன். முதல்ல பழைய மெக்கானிக் நம்பரைத் தேடினார். அப்புறம், நுஹாவைக் கூப்பிடு, அந்த பாய்லரை அவளை மாதிரி அறிஞ்சவங்க யாருமில்லன்னு சொன்னார். திட்டினா வாங்கிக்கோன்னும் சொன்னார்.”

“உங்களுக்குச் சங்கடமா இல்லையா?”

“இருந்துச்சு. வெளியே போங்கன்னு நீங்க அதட்டினீங்க பாருங்க, அப்பவே போயிடுச்சு.”

அந்த நேரம் பார்த்து லுப்னாவின் போன் அடித்தது. பேசினாள், ஆமாம், இல்லை, நல்லா இருக்கான் என்றாள். பிறகு போனை நீட்டினாள். “உங்ககிட்ட பேசணுமாம்.”

நுஹா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“எத்தனை வருஷமாச்சு புகைக்குழாயைச் சுத்தம் பண்ணி?” சலாம்கூடச் சொல்லாமல் கேட்டாள்.

“நீ போனதுலேர்ந்து பண்ணல.” ஹைதமின் குரலோடு துறைமுகத்து இரைச்சலும் கேட்டது.

“என்னைக் கூப்பிடறதுக்கென்ன?”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?” ஏதோ கதவைச் சாத்தினான், இரைச்சல் குறைந்தது. “நுஹா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உன் கையால இன்னிக்கு என் பிள்ளை பொழைச்சுக் கிடக்கு.”

இந்த வார்த்தைக்காக நுஹா ஒரு காலத்தில் எத்தனை நாள் காத்திருந்தாள். பிறகு காத்திருந்ததையே மறந்துபோயிருந்தாள். இப்போது வந்தபோது கோபம் எங்கே என்று தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை.

“சரி, விடு,” என்றாள். “பால்கனியில ஒரு கண்ணாடியைக் கழட்டியிருக்கேன். நீ வந்து திரும்ப மாட்டினா, நானே வந்து உடைப்பேன். அங்கே கம்பி வலை போடு. புகை வந்தா கத்துற அலாரம் ஒண்ணு வண்டியில இருக்கு, இன்னிக்கே மாட்டிட்டுப் போறேன்.”

“மாட்டு. உன் கை நல்லா இருக்கணும்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நுஹா சிறிய சாவியை எடுத்தாள். “காத்து எடுக்கறதை நானே பண்ணிப் பாக்கட்டுமா?” என்று லுப்னா கேட்டாள். “அடுத்த தடவை முழிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம் பாருங்க. இவனைக் கொஞ்சம் பிடிங்க.”

“கையெல்லாம் கரியா இருக்கு.”

“கம்பளிதானே, துவைச்சுக்கலாம்.”

அப்படித்தான் குழந்தை யமான் நுஹாவின் கைக்கு வந்தான். லுப்னா மண்டியிட்டுச் சாவியைத் திருப்பினாள். புஸ்ஸென்று காற்று சீறியது; பிறகு தடுமாறி, தண்ணீர் அவள் முகத்தில் பீச்சியடித்தது. அவள் அலறிக்கொண்டே மூடினாள். நுஹா சத்தம் போட்டுச் சிரித்தாள். குழந்தை அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு நிமிஷம் கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு, அவள் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டது.

அறை அறையாக லுப்னா காற்றை எடுத்தாள். நுஹா பின்னாலேயே நடந்து, ஒவ்வொரு ரேடியேட்டரின் மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வீடு மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தது. லுப்னா பருப்பு சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, சாப்பிடாமல் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். யமான் எப்போதோ தூங்கிவிட்டிருந்தான். தொட்டிக்கு மிதவை போட வேண்டிய வீட்டுக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது.

“பாதியில விட்டுட்டுப் போனியே, எப்பம்மா வர்ற?”

“ஒரு மணி நேரம் ஆகும்,” என்றாள் நுஹா கிசுகிசுப்பாக.

“ஏன் இவ்வளவு மெதுவாப் பேசற?”

“இங்கே பிள்ளை தூங்குது,” என்று சொல்லிவிட்டு, அவன் முதுகில் தட்டிக்கொண்டே மறுபடி கூடத்துக்கும் அறைக்குமாக நடக்க ஆரம்பித்தாள்.