துளைகள் இல்லாத முகம்

நெற்றியில் இருந்த பருவை அவள் ஒரே சொடுக்கில் எடுத்தாள். மூக்கோரத் தழும்பு கொஞ்சம் அடம்பிடித்தது. பக்கத்துத் தோலில் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் பூசியதும் அதுவும் போயிற்று. கன்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். துளைகள் தெரிந்தன. மழை விட்ட மைதானம் போல எங்கும் சின்னச் சின்னப் பள்ளங்கள். அவற்றின்மேல் மெதுவாகத் தூரிகையை ஓட்டினாள். பனி இறங்குவதுபோல் பள்ளங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

போட்டோ ஸ்டூடியோவின் பின்னறை அது. நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதால் பகலிலும் திரைச்சீலை போட்டிருக்கும். அந்த நீல இருட்டில் கணினித் திரையில் முகங்கள் மிதந்து வரும். அவள் துடைத்து அனுப்புவாள். ஸ்டூடியோவில் எல்லோரும் அவளை டச்சிங் என்றே கூப்பிட்டார்கள். படத்துக்கு டச்சிங் செய்கிற பெண் என்று ஆரம்பித்தது, பெயராகவே ஒட்டிக்கொண்டது.

முதலாளி கதவருகே வந்து நின்றார்.

"டச்சிங், மூக்க மட்டும் கொஞ்சம் விட்டுவைம்மா. போன வாரம் ஒரு மாப்பிள்ளை வந்து, 'என் மூக்கு எங்க சார்'னு கேட்டுட்டுப் போறான்."

"மூக்கு இருக்கு சார். ஓட்டைதான் தெரியல."

"அந்தப் பையன் மூச்சு விட வேணாமா?"

அவள் சிரித்தாள். ஆனால் கை நிற்கவில்லை.

சாயங்காலம் பேருந்தில் போகும்போதும் கை நிற்காது. எதிர் இருக்கைக்காரரின் கன்னத்தில் ஒரு மரு. கண்டக்டரின் கழுத்தில் வெயிலில் கறுத்த திட்டு. அவளுடைய ஆள்காட்டி விரல் மடியிலேயே மெல்ல வட்டமிடும். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் கலங்கி ஓடும். ஊரே இன்னும் டச்சிங் பார்க்காத ஒரு பெரிய படம் என்று தோன்றும். தூக்கமா விழிப்பா என்று தெரியாத மயக்கத்திலேயே இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிடும்.

வீட்டில் தங்கை இருந்தாள். மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை. அம்மா அப்பா போன பிறகு அக்காவும் தங்கையும் மட்டும்தான். தங்கை மழலையர் பள்ளி ஆசிரியைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் யானை வெட்டுவாள், பருத்திப் பஞ்சில் முயல் செய்வாள். அவள் கன்னம் இரண்டிலும் பருக்கள். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. 'என்கிட்ட வாடகை குடுக்காம குடியிருக்குதுங்க' என்பாள்.

ஒருநாள் அவள் தரையில் உட்கார்ந்து முயலுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது, அக்காவின் விரல் தன் முகத்துக்கு நேராகக் காற்றில் வட்டமிடுவதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, என்ன பண்ற?"

"ஒண்ணுமில்லையே."

"என்னை அழிக்கிறியா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று சமாதானம் செய்துகொண்டாள். மறுநாள் தங்கையின் படம் ஒன்றை ஸ்டூடியோவில் திருத்தி, அச்சுப் போட்டு எடுத்து வந்தாள். பரு இல்லை. துளை இல்லை. நிறமும் இரண்டு படி ஏறியிருந்தது. தங்கை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவ அழகா இருக்கா" என்றாள்.

'நான்' என்று சொல்லவில்லை. அக்கா அதைக் கவனிக்கவில்லை. படத்தைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தாள்.

ஸ்டூடியோவுக்குக் கீழே ஓர் அழகு நிலையம். பார்லர் அம்மா வாய் நிறையப் பேசுகிறவள். அவள்தான் அந்த வெள்ளை டப்பாவைக் கொடுத்தாள். மேலே பெயர் இல்லை, என்ன சேர்ந்தது என்று இல்லை, எப்போது கெடும் என்று இல்லை.

"நானே கலக்கறது. எல்லாம் மூலிகை. பூசிப் பாரு, உன் தங்கச்சிய நீயே யாருன்னு கேப்ப."

தங்கை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேரே இல்லையேக்கா?"

"பேரா பூசப்போற? க்ரீமத்தானே. கொண்டா கன்னத்த."

க்ரீம் வேலை செய்தது. அதுதான் வினை. சில நாளிலேயே பருக்கள் வாடி உதிர்ந்தன. முகம் பூத்தது. காலையில் முகம் கழுவிவிட்டுத் தங்கை திரும்பும்போது, ஈரத்தில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது. அக்கா பல் தேய்த்தபடியே அவளைப் பார்ப்பாள், கண்ணாடியோரத்துப் படத்தைப் பார்ப்பாள், மறுபடி அவளைப் பார்ப்பாள். ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. கனவு ஒன்று பகலில் நடந்து வருவதுபோல் இருந்தது. கல்லூரித் தோழிகள் என்ன ரகசியம் என்று துளைத்தெடுத்தார்கள். தங்கைக்கும் தலைகால் புரியவில்லை.

தாடையோரம் மட்டும் கொஞ்சம் கருமை மிச்சம் இருந்தது. ஒரு பூச்சு போதாவிட்டால் இன்னொரு பூச்சு. அக்காவின் தொழிலில் அதுதான் வழக்கம். அதிகமாகிப்போனால் ஒரு விசையைத் தட்டினால் போதும், படம் பழையபடி ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில்தான், இரவில் மட்டும் பூசியதைக் காலையிலும் பூசச் சொன்னாள். டப்பாக்கள் தீரத் தீர வந்தன.

பிறகு பார்லர் அம்மா ஏதோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போனாள். கடை பூட்டிக் கிடந்தது. டப்பா காலியானது.

முதலில் அரிப்பு. பிறகு எரிச்சல். அந்த வாரம் முடிவதற்குள் தங்கையின் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. வெறும் தண்ணீர் பட்டாலே துடித்தாள். பழைய பருக்கள் போன இடத்தில் சீழ் வைத்துப் புதியவை கிளம்பின. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்புகள் நூல்நூலாகத் தெரிந்தன. தங்கை ஜன்னலைச் சாத்தினாள். கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடினாள்.

அடுத்த வாரம் அவளுக்குப் பயிற்சி வகுப்பு. நிஜப் பள்ளியில், நிஜக் குழந்தைகள் முன்னால் நின்று பாடம் எடுக்க வேண்டும். போகாவிட்டால் அந்த வருடமே வீண்.

"நான் போகல" என்றாள். "குழந்தைங்க பயந்து அழும்."

பார்லர் அம்மா திரும்பியதும் அக்கா ஓடினாள். அவள் அசரவில்லை.

"யாரு நிறுத்தச் சொன்னா? நிறுத்தினா இப்படித்தான் கெளம்பும். இந்தா, திரும்பப் பூசு. ரெண்டே நாள்ல பழையபடி ஆயிடும்."

புது டப்பா கையில் இருந்தது. வீட்டு மாடிப்படி ஏறி அறைக்குள் நுழைந்ததுமே தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

"குடுக்கா."

"இரு."

"குடுக்கா, ப்ளீஸ். அந்த க்ளாஸ் முடியற வரைக்கும்தான். அப்புறம் விட்டுடறேன். நீதானே குடுத்த, இப்ப மட்டும் என்ன?"

அவள் சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியே வந்த ஒற்றைக் கீற்று வெளிச்சத்தில் நின்றாள். அக்காவின் விரல் தன்னையறியாமல் காற்றில் எழுந்தது. அந்தச் சிவப்பின்மேல் வட்டமிட்டது. ஒன்றும் மறையவில்லை. தங்கை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அடிக்கு ஒதுங்குகிறவள்போல.

அக்கா விரலை மடக்கிக்கொண்டாள். "கிளம்பு. டாக்டரப் பாக்கலாம்."

"இந்த முகத்த வெச்சுக்கிட்டு எப்படித் தெருவுல வருவேன்?"

"நான் கூட வரேன்டி. யாராவது பாத்தா என்னைப் பாக்கச் சொல்லு. நான்தானே பண்ணேன்."

தோல் மருத்துவர் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மாள். டப்பாவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தங்கையின் கன்னத்தை விளக்கில் பார்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

"ஸ்டீராய்டு. மூலிகைன்னு சொல்லியிருப்பாங்களே?"

"ஆமா டாக்டர்."

"எல்லா டப்பாவையும் மூலிகைன்னு சொல்லித்தான் விப்பாங்க. இது மருந்தும்மா. சில நோய்க்கு நாங்களே எழுதுவோம், கொஞ்ச நாளைக்கு, கண்காணிச்சு. அத அழகுக்குன்னு தினமும் முகத்துல போட்டா மொதல்ல மினுக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு, அது இல்லாம இருக்க முடியாத நிலைக்கு வந்துடும். நிறுத்தினா இப்படிக் கொதிக்கும். திரும்பப் போட்டா அடங்கற மாதிரி காட்டி, இன்னும் ஆழமாப் புடிச்சுக்கும்."

மருந்து எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, வீட்டில் முகத்துக்கு என்னென்ன போடுகிறார்கள் என்று கேட்டார். தங்கை ஒப்பித்தாள். எலுமிச்சை, கடலை மாவு, சர்க்கரை போட்டுத் தேய்ப்பு, வீடியோவில் பார்த்த பற்பசை வைத்தியம்.

"முகமா, பாத்திரமா அது?" என்றார் மருத்துவர். "எல்லாத்தையும் விடு. காலையில சாயந்திரம் மைல்டான ஃபேஸ்வாஷ், தேய்க்காம. ஈரம் காயறதுக்குள்ள வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். வெளிய போறதுக்கு முன்னாடி சன்ஸ்கிரீன். பருவுக்கு நான் பின்னாடி தனியா மருந்து தரேன்."

"அவ்வளவுதானா டாக்டர்?" என்றாள் அக்கா.

"போரடிக்குதா? நல்ல பழக்கம் எல்லாமே போரடிக்கும்."

"எப்ப சரியாகும்?"

"மாசக்கணக்காகும். தோல் தன் வேகத்துலதான் வேலை செய்யும். அவசரப்படுத்தினதாலதான் இங்க வந்து உக்காந்திருக்கீங்க."

பயிற்சி வகுப்பன்று காலை, அக்கா கீழே சாலை முனைவரை கூடவே போனாள். வருடம் வீணாகக்கூடாது என்று கிளம்பிய தங்கை, துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். பேருந்து வந்தது. படியில் ஏறியவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று பின்னறையில் அக்காவுக்கு வேலை ஓடவில்லை. திரையில் மிதந்து வந்த ஒவ்வொரு முகமும் தங்கையின் முகமாகவே கலைந்து கலைந்து போயிற்று.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் திறந்திருந்தது. தங்கை பஞ்சு முயலுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தாள். பழைய காது பிய்ந்துவிட்டதாம்.

"என்னடி ஆச்சு?"

"உள்ள போனதும் எல்லாம் கப்சிப். என்னையே பாக்குதுங்க. முன்னாடி உக்காந்திருந்த ஒரு வாண்டு எழுந்து வந்துச்சு. 'மிஸ், வலிக்குதா'ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன்."

"அப்புறம்?"

"குனியச் சொல்லிச்சு. குனிஞ்சேன். கன்னத்துல ஊதி விட்டுச்சுக்கா." அவள் குரல் உடைந்தது. பிறகு சிரித்தாள். "அதப் பாத்து மொத்த க்ளாஸும் வரிசையில நின்னு ஊதிச்சு. ஒரே எச்சில். கழுவறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

அக்காவும் சிரித்தாள். சிரிப்பு முடிந்தும் கண்ணீர் நிற்கவில்லை. முகம் பார்க்கச் சகிக்காது என்று தான் நினைத்த இடத்தில், ஒரு குழந்தை வலியைத்தான் பார்த்திருக்கிறது.

மாதங்கள் மெல்லப் போயின. எரிச்சல் அடங்கியது. சிவப்பு முழுவதும் போகவில்லை. தங்கை தினமும் முகம் கழுவினாள், பூச வேண்டியதைப் பூசினாள், கிளம்பினாள். சில பருக்கள் வந்தன, போயின.

பார்லர் இன்னும் திறந்துதான் இருந்தது. ஒருநாள் பகலில் ஒரு தாய் மகளை அழைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். பள்ளிச் சீருடை போட்ட பெண். படம் எடுக்கும்போதுகூடத் தாடையைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வெளுப்பா, இந்தப் பருவெல்லாம் இல்லாம பண்ணிக் குடுங்க" என்றாள் தாய். "இவள எங்கயும் கூட்டிட்டுப் போக முடியல. கீழ ஏதோ க்ரீம் குடுக்கறாங்களாமே, நல்லாக் கேக்குதா?"

டச்சிங் பின்னறையிலிருந்து எழுந்து வெளியே வந்தாள். வாடிக்கையாளர் முன்னால் அவள் வந்து நிற்பது வழக்கமில்லை. முதலாளி புருவத்தை உயர்த்தினார்.

"அத வாங்காதீங்க. என் தங்கச்சி முகம் அதுலதான் வெந்துச்சு. நானே என் கையால பூசி விட்டேன்."

தாய் திகைத்தாள். "ஐயோ. பின்ன நாங்க என்னதான் பண்றது?"

"மெதுவாக் கழுவட்டும். சாதா மாய்ஸ்சரைசர் போடட்டும். வெயில்ல போனா சன்ஸ்கிரீன். பரு ரொம்பத் தொந்தரவு பண்ணா தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. பேரில்லாத டப்பாவத் தொடாதீங்க. துளை இல்லாத முகம் நான் உள்ள செய்யறது மட்டும்தான். உயிரோட இருக்கற யாருக்கும் அது கிடையாது."

முதலாளி இருமினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் கை தாடையிலிருந்து கொஞ்சம் இறங்கியிருந்தது. டச்சிங் தாயின் பக்கம் திரும்பினாள்.

"இன்னொண்ணும்மா. எந்த க்ரீமுக்கும் முன்னாடி அவ முகத்துல படறது நம்ம பார்வைதான். மொதல்ல எரிச்சல் அதுலதான் ஆரம்பிக்குது. அத மாத்திட்டு, அப்புறம் மத்தத வாங்குங்க."