பூட்டிய அறையில் மூன்றாம் ரவுண்டு

தந்தியை ஹுசைன் முதலாளி இரண்டு தடவை வாசித்தார். முதலில் ஆங்கிலத்தில், தனக்காக. பிறகு தமிழில், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த வீரமலைக்காக. எட்வினுக்கு மணிக்கட்டில் சுளுக்கு, பொக்சிங் சண்டை தள்ளிப்போடப்படுகிறது, தேதி பிறகு அறிவிக்கப்படும். அட்டன் பஜாரில் காலையிலிருந்தே மழை. முதலாளியின் துணிக்கடை வாசலில் தொங்கிய சீத்தைத் துணிகளை ஆட்கள் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீரமலை தலையில் போட்டிருந்த சாக்கைக்கூட எடுக்காமல் நின்றான். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் காலடியில் சின்னக் குட்டையாகத் தேங்கியது. போன வருஷம் எட்வினுக்குக் காய்ச்சல். இந்த வருஷத் தொடக்கத்தில் எட்வினின் தாய்க்குச் சுகமில்லை. இப்போது மணிக்கட்டு.

"கை சொகமானதும் வருவாருங்களா மொதலாளி?" என்று கேட்டான்.

ஹுசைன் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

வீரமலைக்கு முப்பது வயது முடிந்திருந்தது. யுத்தகாலத்தில் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன், அங்கே ஒரு பழைய அரிசிக் கிட்டங்கியில் பொக்சிங் பழகினான். தோட்டத்துச் சனத்துக்கு வாக்குரிமை போன மறு வருஷம், இந்த நாட்டுக்காரன் இல்லை என்று துறைமுகத்தில் சீட்டைக் கிழித்தபோது, இரண்டு கிளவுசையும் ஒரு தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு டிக்கோயாப் பக்கம் தான் பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்தான். தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் வேலை. வேலை விட்டதும் மலைப்பாதையில் ஓட்டம். கார்னிவல் மேடைகளில் கண்டி, குருநாகல், பதுளை என்று அவன் சண்டை போடாத ஊர் இல்லை. ஐந்து வருஷமாக அவனை ஒருத்தனும் ஜெயிக்கவில்லை. அவன் எடையில் இலங்கைச் சாம்பியன் எட்வின். அந்த ஒருவனோடு மட்டும் ஒரு மேடையில் ஏற முடியவில்லை.

சிங்கப்பூரிலிருந்தும் ஒரு தடவை ஆள் கேட்டு எழுதினார்கள். போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். பிரஜாவுரிமைக்கு, அப்பன் இந்த மண்ணில்தான் பிறந்தான் என்று காட்டக் காகிதம் வேண்டும். அவன் அப்பன் எந்த லய வீட்டு வரிசையில், எந்தக் காம்பராவில் பிறந்தான் என்பது தோட்டத்துக் கிழடுகட்டைகளுக்கெல்லாம் தெரியும். காகிதத்தில் மட்டும் இல்லை.

"வீரமல, நான் ஒரு கத செல்றேன், கோவிக்காத," என்றார் ஹுசைன். "எட்வினுக்கு ஒன்ன அடிச்சா என்ன கெடைக்கும்? ஒரு தோட்டத்தானத்தான் அடிச்சான்னு பேப்பர்ல நாலு வரி வரும். ஒன்கிட்ட தோத்தா எல்லாம் போச்சு. அவன்ட மெனேஜர் மெண்டிஸ் மாத்தியா யாவாரி. நானும் யாவாரி. அவன்ட எடத்துல நான் இருந்தாலும் ஒன்னக் கூப்பிட மாட்டேன்."

"அப்ப நான் நல்லா அடிக்கிறதுதான் குத்தமுங்களா?"

"குத்தம்னு யாரு செல்றா? இன்னொண்டும் இரிக்கி. கொழும்புல டிக்கட் வாங்குறது யாரு? ஒங்கட சனமா? பஸ்சுக்கே காசில்லாத சனம். ஒனக்காக வந்து குந்த ஆளில்லாட்டி, ஒனக்கு எவன் சரியான காசு தருவான்?"

அவர் குரலில் கேலி இல்லை. ஐந்து வருஷமாக அவன் சண்டைகளை ஏற்பாடு செய்தவர் அவர்தான்; அவனுக்குப் பாலும் முட்டையும் அவர் வீட்டிலிருந்துதான் போயின. கொஞ்ச நேரம் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நாவலப்பிட்டி கார்னிவல்ல மாத்தளைப் பொடியன் ஒத்தன் வாறான். பைஸர்னு பேரு. நல்ல பொடியன், ஆனா ஒனக்கு அவன் பத்தாது. மெண்டிஸ்ட ஆளு பாக்க வருவான். அண்டைக்கு நீ கொஞ்சம் மெலிஞ்சு காட்டு. வயசு போச்சு, கை தளந்திட்டுன்னு அவனுக்குத் தோணணும். அதுக்குப் பொறகு பாரு, எட்வினுக்கு மணிக்கட்டு சொகமாகும்."

அட்டனிலிருந்து தோட்டம் வரை வீரமலை மழையில் நடந்தே போனான். மெலிஞ்சு காட்டு என்று அவர் சொன்னதன் அர்த்தம் அவனுக்கு முதல் வளைவிலேயே புரிந்துவிட்டது. கடைசி வளைவு வரை அதைப் புரியாததுபோல் வைத்துக்கொள்ளப் பார்த்தான்.

நாவலப்பிட்டிக்குத் தோட்டத்திலிருந்து ஒரு லொறி போனது. பெண்கள்தான் முன்னால் நின்று காசு சேர்த்தார்கள். மலையில் கொழுந்தெடுக்கும்போதே அழகம்மாவும் காளியாயியும் ஆளுக்கு ஆள் பேசி, தோட்டத்துத் துரையிடம் அரைநாள் லீவும் கேட்டு வாங்கியிருந்தார்கள். வீரமலையின் மனைவி நாகலெட்சுமி அவர்கள் நடுவே, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, மேடைக்குக் கிட்டவே உட்கார்ந்திருந்தாள்.

முதல் ரவுண்டிலேயே பைஸரின் இடது தோள் ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் ஒரு தடவை சிலிர்ப்பதை வீரமலை பார்த்துவிட்டான். அதற்கு மேல் அந்தப் பையனிடம் மறைக்க எதுவும் இல்லை. அடி எங்கே வரும் என்று தெரிந்துகொண்டே அந்த இடத்தில் முகத்தைக் கொண்டுபோய் வைப்பது எத்தனை கஷ்டம் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினொரு வருஷமாகப் பழக்கிய உடம்பு தானாகவே விலகியது. அதை ஒவ்வொரு தடவையும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நாலாம் ரவுண்டில் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டபோது பைஸர் அவன் காதருகே மூச்சிரைத்தான்.

"அண்ணே, ஏன் திருப்பி அடிக்கிறீங்க இல்ல?"

"நீ ஒன் வேலயப் பாரு," என்றான் வீரமலை.

ஆறு ரவுண்டு முடிந்து நடுவர் பைஸரின் கையைத் தூக்கியபோது, லொறியில் வந்த சனம் கூச்சல் போடவில்லை. ஏமாத்திட்டாங்க என்று ஒருத்தராவது கத்துவார் என்று வீரமலை எதிர்பார்த்தான். அழகம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். திரும்பும்போது லொறியில் அவனுக்கென்று சாக்கை மடித்து இடம் போட்டுக் கொடுத்தார்கள். யாரோ ஒரு கிழவர் அவன் முழங்காலைத் தடவி, "போவுது விடுப்பா, எத்தன காலத்துக்குத்தான் ஒருத்தனே ஜெயிப்பான்," என்றார்.

மறுநாள் காலை நாகலெட்சுமி அவன் புருவத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்.

"அந்தப் பையன் ஒங்கள அடிக்கல," என்றாள்.

"பின்ன இது என்ன புள்ள?"

"நீங்களா போயி வாங்கிக்கிட்டது. ஒங்க வலது கை எப்ப எந்திரிக்கும், எப்ப தூங்கும்னு எனக்குத் தெரியாதா? நேத்து ஆறு ரவுண்டும் அத தூங்க வச்சீங்க."

அவன் ஹுசைன் முதலாளி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கேட்டுவிட்டு மஞ்சள் கையைக் கழுவினாள்.

"இத இந்த லயத்துல யாருகிட்டயும் சொல்லிராதீங்க. தோத்தீங்கன்னா சோறு போட்டு அழுவுவாங்க. வேணும்னே தோத்தீங்கன்னு தெரிஞ்சா தண்ணி கூட குடுக்க மாட்டாங்க." வாசலில் கூடையை எடுத்துத் தோளில் மாட்டியவள் திரும்பிப் பார்த்தாள். "எட்வினு கூப்பிடுவாரா?"

"கூப்பிடுவாரு."

ஒரு மாதம் ஓடியது. தபால்காரர் தோட்டத்துக்கு வரும் நாட்களிலெல்லாம் அவன் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு ஸ்டோர் வாசலுக்கு வந்து நின்றான். செய்தி தபாலில் வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கனகலிங்கம் மாஸ்டர் ஒருநாள் ஆங்கிலப் பேப்பரைக் கையில் பிடித்தபடி ஸ்டோருக்கே இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவனுடைய பிரஜாவுரிமை விண்ணப்பங்களை எல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

"வீரமலை, எட்வினுக்குச் சண்டை வைச்சிருக்கிறாங்கள். அடுத்த மாதம், கொழும்பிலை," என்றார்.

வீரமலை இயந்திரத்தின் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உம்மோடை இல்லை. அந்த மாத்தளைப் பொடியனோடை. உம்மை வெண்டவன் எண்டு பெரிசாப் போட்டிருக்கு."

உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வீரமலை பேப்பரை வாங்கி அதிலிருந்த படத்தைப் பார்த்தான். பைஸர் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிடைக்கப்போகும் தொகையும் போட்டிருந்தது. வீரமலை ஐந்து வருஷத்தில் எல்லா ஊர்களிலுமாகச் சேர்த்து வாங்கியது அவ்வளவு வராது.

ஹுசைன் முதலாளி அந்த வாரமே ஆள் அனுப்பினார். கடையில் அவன் முகத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"நான் இத நெனைக்கல்ல. அல்லா அறிய நெனைக்கல்ல." ஒரு கடிதத்தை மேசையில் தள்ளி வைத்தார். "மெண்டிஸ் எழுதியிரிக்கிறான். எட்வினோட பொக்சிங் பழகிறதுக்கு மூணு கெழமைக்கு, இருவத்தொரு நாளைக்கு, ஒரு ஆளு வேணுமாம். பைஸர்ட வெளையாட்டத் தெரிஞ்ச ஆளு. நாளுக்கு இவ்வளவுன்னு தருவான். நீ போகத்தேவல்ல. நான் இல்லன்னு எழுதுறேன்."

"போறேனுங்க," என்றான் வீரமலை.

ஏன் அப்படிச் சொன்னான் என்று ரயிலில் கொழும்பு வரையும் யோசித்தான். கூலிக்காக என்று நாகலெட்சுமியிடம் சொல்லியிருந்தான். அவள் நம்பவில்லை.

கொழும்பு மருதானையில் ஒரு மாடிக் கட்டடம், மேல் மாடி அறையில் கயிறு கட்டிய பொக்சிங் மேடை. மெண்டிஸ் மாத்தியா வெள்ளைக் காற்சட்டைக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். முகத்தில் அடிக்கக் கூடாது, உடம்பில் மட்டும், அதுவும் தட்டினாற்போல. அதற்குத்தான் கூலி. பிறகு அவர் அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பினார். படம் பிடிக்க வந்து நின்ற பேப்பர்காரரையும் அனுப்பினார். தெருப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தி, கதவையும் பூட்டினார். உள்ளே இருந்தது நாலு பேர். மணி அடிக்கும் ஒரு கிழவர், மெண்டிஸ், எட்வின், வீரமலை.

எட்வினை அவன் முதன்முதலாக அவ்வளவு கிட்டத்தில் பார்த்தான். பேப்பரில் தெரிவதைவிட வயதான முகம். தோல் தலைக்காப்புக்குள் கண்கள் சோர்ந்திருந்தன. முதல் ரவுண்டில் வீரமலை மெண்டிஸ் சொன்னபடியே தட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவதில் எட்வின் வேகமாக வந்தான். நல்ல வேகம்தான். ஆனால் வீரமலையின் வலது கை தானாகவே எழுந்து, எட்வினின் தாடைக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது. சற்றுக் கழித்து இன்னொரு தடவை. பிறகு மூன்றாவது தடவையும். மூன்று தடவையும் அவனேதான் நிறுத்தினான். மெண்டிஸ் மாத்தியா நாற்காலியை விட்டு எழுந்தார்.

எட்வின் அவனைக் கட்டிப் பிடித்தான். வியர்வைக்குள்ளிருந்து சிங்களத்தில், வீரமலைக்கு மட்டும் கேட்கும்படி பேசினான். குருநாகலில் மூன்று வருஷத்துக்கு முன்னால் பின்வரிசையில் உட்கார்ந்து உன் சண்டையைப் பார்த்தேன், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு. உன்னை என்னால் அடிக்க முடியாது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். மணிக்கட்டுக்கு ஒன்றுமில்லை, தம்பி. அம்மாவுக்கும் ஒன்றுமில்லை.

மணி அடித்தது.

"இன்னைக்குப் போதும்," என்றார் மெண்டிஸ், அவசரமாக.

எட்வின் மூலையில் உட்காரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றான். பிறகு பற்களால் கிளவுசின் முடிச்சைத் தளர்த்தி, ஒரு கையை உருவி, தலைக்காப்பின் வாரை அவிழ்த்து, அதைக் கழற்றிக் கயிற்றுக்கு வெளியே போட்டான். கிளவுசை மறுபடி மாட்டிக் கிழவரிடம் முடிச்சுப் போடக் கையை நீட்டினான். மெண்டிஸ் சிங்களத்தில் சத்தம் போட்டார். கிழவர் அவரையும் எட்வினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முடிச்சை இறுக்கி, மணிக்குப் போனார்.

கீழே தெருவில் ட்ரொலி பஸ் ஒன்று போயிற்று. சாத்திய ஜன்னல்களின் கண்ணாடிகள் நடுங்கின. இடுக்கு வழியாக விழுந்த வெயில் கீற்றில், வெறும் முகத்தோடு எட்வின் நடுமேடைக்கு வந்து நின்றான். வீரமலையும் தன் தலைக்காப்பின் வாரைத் தேடிக் கையைக் கொண்டுபோனான்.