சிலுவையில் ஏழு எழுத்து

"கண்ண மூடிக்கோங்க சார்" என்றாள் பிசியோதெரபிஸ்ட் தீபா. மூடிக்கொண்டேன். என் வலது கட்டைவிரலில் அவள் வைப்பது பஞ்சா, குச்சியா என்று நான் சொல்ல வேண்டும். வாரம் இரண்டு நாள் இந்தப் பரீட்சை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறவன் நான். பதில் தெரியாதவன் என்ன செய்வான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இப்ப?"

"பஞ்சு."

"இப்ப?"

"குச்சி."

"சார், ரெண்டு வாட்டியும் நான் எதையுமே வைக்கல."

கண்ணைத் திறந்தேன். அவள் சிரிக்கவில்லை. மணிக்கட்டு எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, நரம்புதான் மெதுவாக வரும் என்றாள். சுத்தியல், ரம்பம் எதையும் இப்போதைக்குத் தொடக்கூடாது என்றாள். எப்போது தொடலாம் என்று கேட்டதற்கு, "வரும்போது வரும் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை.

இந்தக் கை எப்படி உடைந்தது என்பது எங்கள் கோயில் சனம் எல்லோருக்கும் தெரியும். ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்ரூம் வாசலில் அம்மா வழுக்கினாள். நான் ஓடிப்போய்த் தாங்கினேன். இருவரும் விழுந்தோம். என் மணிக்கட்டின் மேல் அம்மா விழுந்தாள். அப்படியும் அவளுடைய இடுப்பெலும்பு தப்பவில்லை. பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். அடக்கத்தில் சாமியார், தாயைத் தாங்கிய கை என்று என் மாவுக்கட்டைக் காட்டிப் பிரசங்கம் செய்தார். பின்னால் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் முதல் வரிசையில், அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மாத்திரை மயக்கம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அம்மா விழுவதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டாள். நான் பின்கட்டுக் கொட்டகையில் செருப்பு ஸ்டாண்டு செய்துகொண்டிருந்தேன். மரவேலை எனக்குப் பிழைப்பில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அன்றைக்கு நாலு மூட்டிலும் பசை தடவி முடித்திருந்தேன். பசை தடவிவிட்டால் காயும் முன் சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும், விட்டுவிட்டுப் போனால் அத்தனையும் பாழ். "இரும்மா, அஞ்சு நிமிசம்" என்று கத்தினேன். மூன்று கிளாம்ப் போட்டேன். நாலாவதைத் திருகும்போதுதான் அவள் தானாக எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. செருப்பு ஸ்டாண்டு இன்றைக்கும் வாசலில் இருக்கிறது. கொஞ்சம்கூட ஆடாது.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கல் கட்டும்வரை மேட்டின் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை நடுவார்கள். பதினோரு வருடமாக எங்கள் கோயில் பங்கில் யார் செத்தாலும் அதை நான்தான் செய்கிறேன். மற்ற இடங்களில் பெயிண்டால் பெயர் எழுதுவார்கள், மழைக்குப் போய்விடும். நான் உளியால் வெட்டுவேன். சாவு விழுந்த வீட்டிலிருந்து பந்தல்காரனுக்கு அடுத்த போன் எனக்குத்தான் வரும் என்று என் மனைவி ஃப்ளோரன்ஸ் கேலி பேசுவாள். இப்போது என் அம்மாவின் மேடு மட்டும் பெயரில்லாமல் கிடந்தது. உடைந்த கை, என்ன செய்வான் என்று எல்லோரும் பொறுத்துப் போனார்கள். ஆனால் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுவத்தியுமாக வந்து நிற்கும்.

சென்னையிலிருந்து அண்ணன் ராபர்ட் போன் செய்தார்.

"இன்னாடா, ஆவுமா ஆவாதா? ஆவலன்னா சொல்லு, ஜல்தியா ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சி வெச்சிடலாம். போட்டோவோட."

ஃப்ளெக்ஸ். நாலு பேர் கைகூப்பி நிற்கும் கல்யாண பேனருக்குப் பக்கத்தில் அம்மாவும் அச்சாகி வருவாள். "வேணாண்ணே, நானே முடிச்சிர்றேன்" என்றேன். திருநாளுக்கு முந்தின மதியம், ஆள் விட்டு அறுத்து வைத்திருந்த தேக்குச் சிலுவையைக் கொட்டகை மேசையில் கிடத்தினேன். பென்சிலால் எழுதினேன், அமலோற்பவம். ஏழு எழுத்து. உளியை இடது கையில் பிடிக்கலாம், அதில் கஷ்டமில்லை. வலது கையில் கொட்டாப்புளியை, உளி தட்டுகிற மரச்சுத்தியலை, தூக்கினேன். பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது அடிக்கு நழுவி என் காலில் விழுந்தது.

சத்தம் கேட்டு ஃப்ளோரன்ஸ் தறியிலிருந்து எழுந்து வந்தாள். கீழே கிடந்ததை எடுத்தாள்.

"உளிய நீங்க புடிங்க. நான் தட்றேன்."

"உனக்கு இன்னா தெரியும்?"

"தட்டத் தெரியாதா எனக்கு? பத்தொம்பது வருசமா இன்னா பண்ணிகினு இருக்கேன்?"

அதுதான் வம்பாகப் போனது. பட்டு நெய்கிறவள் ஒவ்வொரு இழைக்கும் பலகையை இரண்டு முறை இழுத்துத் தட்டுவாள். இங்கேயும் ஒரு அடி கேட்டால் இரண்டு விழுந்தது. முதல் அடிக்கு எழுத்து வந்தது, இரண்டாவது அடிக்கு ஓரத்தில் செதில் பெயர்ந்தது. 'அ'வின் சுழி உடைந்தே போனது. ஒன்று போதும் என்றேன். "கை தானா போவுது, இன்னா பண்ண சொல்றீங்க?" என்றாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்று ஒன்றாகத் தட்டினாள். 'ம' ஒழுங்காக வந்தது. என் இடது கைக்குள் உளி அதிர்வது தெரிந்தது. நாலு மாதத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று அதுதான்.

"அத்தைக்குக் குடுத்து வெச்சிருக்கு" என்றாள் அவள். "தாங்கிப் புடிச்ச புள்ளயே பேரயும் வெட்டுது."

உளியை எடுத்துவிட்டேன். அவளும் நிறுத்தினாள். இனிமேல் அந்த வாக்கியத்தை ஒருவர் வாயிலிருந்தும் என்னால் கேட்க முடியாது என்று தோன்றியது. பசையையும் கிளாம்பையும் அஞ்சு நிமிசத்தையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் ஆய்வகத்தில் அமிலத்தின் பெயர்களைப் படிக்கிற குரலாக இருந்தது. அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. அவள் திட்டுவாள், இல்லை, தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

ஃப்ளோரன்ஸ் குனிந்து, வெட்டிய எழுத்துக்குள் கிடந்த தூளை வாயால் ஊதினாள்.

"எனக்குந்தான் கேட்டுச்சி" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அருளு, அருளுன்னு ரெண்டு வாட்டி கூப்ட்டாங்க. சரிகை அறுந்து முடி போட்டுகினு இருந்தேன். எம்பேர கூப்பிடலியேன்னு உக்காந்துகினு இருந்தேன்."

தறிக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் நடுவில் ஒரு வாசற்படிதான். என் கொட்டகையிலிருந்து முற்றத்தைத் தாண்டி ஓடி வர வேண்டும். இத்தனை நாளில் ஒரு தடவைகூட இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. நாலு மாதமாக அவள் என் சட்டைக்குப் பட்டன் போட்டிருக்கிறாள், சோறு பிசைந்து வைத்திருக்கிறாள். அடக்கத்துக்கு வந்தவர்களிடம் நான் ஓடிப்போய்த் தாங்கிய கதையை என்னைவிட அதிகமாகச் சொன்னவளும் அவள்தான்.

பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு கொட்டாப்புளியை எடுத்தாள்.

"புடிங்க" என்றாள். "பொழுது போவுது."

உளியை 'லோ'வின் கொம்பில் வைத்துப் பிடித்தேன். அவள் கை மேலே போனது. அங்கேயே நின்றது. அடி விழும் முன்பே, பென்சில் கோட்டின் மேல் என் இடது கையிலிருந்த உளியின் நுனி மெல்ல நடுங்கத் தொடங்கியது.