இரண்டு அறை வாடகை

கல்யாணம் ஆகாத ஜோடி ஏரிக்கரை ஊரான கோபகபானாவுக்குச் சேர்ந்து போனால், அங்கே கோயில் கொண்டிருக்கும் மாதா அவர்களைப் பிரித்துவிடுவாள். பொலிவியாவில் இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஏன் பிரிக்கிறாள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பொறாமை என்பார் ஒருவர், சோதனை என்பார் இன்னொருவர். ஆனால் பிரிந்துபோனவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னால் மட்டும் யாருக்கும் தடுமாற்றம் இருக்காது. ரோஸ்மெரியின் சித்தி மகள், பக்கத்துத் தெருப் பல் டாக்டர், அவள் வேலை பார்த்த மருந்துக்கடையின் காசாளர் என்று அவள் ஊரான கொச்சபம்பாவில் மட்டும் ஒரு பேருந்தை நிரப்ப ஆள் உண்டு.

காதலன் லிம்பெர்த்தோடு பயணம் கிளம்பிய அன்று ரோஸ்மெரியின் அம்மா அழவில்லை, அறிவுரை சொல்லவில்லை. பெரு, எக்குவடோர், கொலம்பியா எங்கே வேண்டுமானாலும் சுற்று, அவனோடு கோபகபானா பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

அந்தச் சத்தியத்தைக் கொலம்பியா வரை போய்த் திரும்பும்வரை அவள் காப்பாற்றினாள். கடைசியில் பெரு நாட்டின் பூனோ பேருந்து நிலையத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். தேசகுவாதேரோ எல்லையில் சாலை மறியல், ஊருக்குப் போகவேண்டுமானால் கோபகபானா வழியாகத்தான் போகவேண்டும் என்று சீட்டுக் கொடுக்கிற பெண் நகம் வெட்டிக்கொண்டே சொன்னாள். வேறு வழி உண்டா என்று ரோஸ்மெரி மூன்று தரம் கேட்டாள்.

லிம்பெர்த் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. அவன் மின்வேலைக்காரன். மின்சாரத்தையும் விலைப்பட்டியலையும் தவிர உலகத்தில் வேறெதையும் நம்பாதவன். மோட்டார் சைக்கிளை விற்ற காசில் இரண்டு பேரை ஆண்டீஸ் மலை முழுக்க ஏற்றி இறக்கிக் கூட்டிவந்த சாமர்த்தியக்காரன். லாரியின் பின்பக்கம் இருக்க, பேருந்து எதற்கு என்பான். சந்தையில் சூப் குடித்துவிட்டுக் கொசுறாக இன்னொரு கரண்டி வாங்காமல் பெஞ்சை விட்டு எழுந்ததில்லை. மாதாவுக்கு வேறு வேலை இல்லையா என்று சிரித்தான்.

ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அணைந்துவிட்டது. அதுதான் ரோஸ்மெரியைப் பயமுறுத்தியது. வருகிற வழியில் பெருவின் அரெகிப்பாவில் ஒரு விடுதிக்கு ஒயரிங் வேலை செய்துகொடுத்து, அதற்குப் பதிலாக அங்கே இலவசமாகத் தங்கியிருந்தார்கள். கிளம்புகிற அன்று விடுதிக்காரர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். அதிலிருந்து லிம்பெர்த் ஆளே மாறிவிட்டான். கேட்டால் ஒன்றுமில்லை என்றான். ஆறு வருஷமாகப் பழகுகிறவன், கல்யாணம் என்ற பேச்சை ஒருநாளும் எடுக்காதவன், இப்போது வாயையும் மூடிக்கொண்டால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? ஊர் போய்ச் சேர்ந்ததும் கைகழுவப் போகிறான் என்றுதான் நினைப்பாள். இந்த நிலைமையில் மாதாவின் கண்ணிலும் பட்டால் கேட்கவே வேண்டாம்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லையில் இறங்கியதிலிருந்து, கோபகபானாவுக்கு அப்பால் ஏரி குறுகும் திக்கினா ஜலசந்தியைத் தாண்டும்வரை இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். சீட்டு தனி, நடை தனி. ஜோடியாக வந்தால்தானே பிரிப்பாள்?

“அறை?” என்று கேட்டான் லிம்பெர்த், அடிவயிற்றிலிருந்து.

“அறையெல்லாம் எதுக்கு? இறங்கின கையோட அடுத்த பஸ் ஏறிடலாம்.”

அடுத்த பஸ் இல்லை. கோபகபானாவைத் தாண்டியும் மறியல். விவசாயிகள் சாலையில் பாறைகளை உருட்டிவிட்டு, அவற்றின்மேலேயே உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருக்கிறார்களாம். கோயில் வாசலில் புதுக்கார்களுக்குப் பூமாலை போட்டுப் பாதிரியார் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ரோஸ்மெரி சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டு, ஏதோ கடன்காரி போலத் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கத்தைக் கடந்தாள்.

ஊரிலேயே மலிவான இடம், தோன்யா செனோபியா என்ற அம்மாள் அறைகளை வாடகைக்கு விடும் வீடு. முதலில் ரோஸ்மெரி போய் ஓர் அறை எடுத்தாள். சற்றுப் பொறுத்து லிம்பெர்த் வந்தான். அதைவிட மலிவாக வேறெங்கும் இல்லை என்பதால் அவனால் வேறெங்கும் போக முடியாது. முற்றத்துக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். வாடகையைக் கேட்டபோது அவன் முகம் பல் பிடுங்கக் கொடுத்தவன் முகமாக இருந்தது.

சாயங்காலம் வயிறு பசித்தபோதுதான் விவகாரம் புரிந்தது. பயணம் முழுக்கப் பாரத்தைப் பங்கிட்டுத் தூக்கினார்கள் அல்லவா? பயணத்துக்கான சின்ன அடுப்பு அவள் பையில், பாத்திரம் அவன் பையில். அரிசி அவனிடம், உப்பும் வெங்காயமும் அவளிடம். தோன்யா செனோபியா முற்றத்தில் அடுக்கடுக்காக உடுத்திய பாவாடைகளைப் பரப்பி உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் லிம்பெர்த் காலிப் பாத்திரத்தோடு வந்து நின்றான்.

“மன்னிக்கணும் செனோரித்தா. உங்ககிட்ட அடுப்பு இருக்குமா?”

“இருக்கு. உங்ககிட்ட பாத்திரம் இருக்கும்போல.”

சேர்ந்து சமைத்தார்கள். தோன்யா செனோபியா பார்த்துக்கொண்டிருந்ததால் எதையாவது பேசவேண்டியிருந்தது. தான் மின்வேலை செய்வதாக அவன் சொன்னான். தான் மருந்துக்கடையில் இருந்ததாகவும், திரும்பி வந்தால் வேலை உண்டு என்று முதலாளி சொல்லியிருப்பதாகவும் அவள் சொன்னாள். பிடித்த வேலையா என்று ஒப்புக்குக் கேட்டான்.

“பிடிக்கவே பிடிக்காது,” என்றாள் ரோஸ்மெரி. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த இருமல் மருந்து வாடையே ஆகாது, ஷட்டரைத் தூக்கும்போதே அழுகை வரும், திரும்ப அங்கே போய் நிற்கவேண்டுமே என்று எக்குவடோரிலிருந்தே ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று யாரோ ஒரு ஆளிடம் கொட்டுவதுபோல எல்லாவற்றையும் கொட்டினாள். ஆறு வருஷம் தினமும் கடை மூடும் நேரத்துக்கு வந்து வாசலில் நின்றவன் லிம்பெர்த். ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். கரண்டியைக் கையில் பிடித்தபடி அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சோறு அடிப்பிடித்துவிட்டது.

மறுநாளும் வழி திறக்கவில்லை. தோன்யா செனோபியா இருவர் கையிலும் ஒரே கூடையைக் கொடுத்து, தனியாளாக இருக்கிற இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போய் ட்ரவுட் மீன் வாங்கி வாருங்கள், கொசுறு கேட்க மறக்காதீர்கள் என்று அனுப்பினாள். கூடையின் ஒரு காதை அவனும் மறுகாதை அவளும் பிடித்துக்கொண்டு போனார்கள். கொசுறைப் பற்றி அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மீன் கூடுதலாகவே வாங்கினான்.

கரையில் காற்று முகத்தை அறுத்தது. கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் மறைவில் உட்கார்ந்தார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவன் ஆரம்பித்தான்.

“நானும் ஒரு பொண்ணோடதான் ஊர் சுத்திட்டு வர்றேன் செனோரித்தா.”

ரோஸ்மெரி கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “அப்படியா? எங்க அவங்க?”

“இப்போதைக்குத் தனித்தனியா இருக்கோம்.”

அப்புறம் மெல்ல மெல்ல விஷயம் வந்தது. அரெகிப்பா விடுதிக்காரருக்கு வயதாகிவிட்டது. விடுதியைப் பார்த்துக்கொள்ள அவனைக் கூப்பிடுகிறார். சம்பளம் உண்டு, மொட்டைமாடியில் ஓர் அறையும் உண்டு. ஊருக்குப் போய் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். போவதென்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டான்.

“அவகிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“சொன்னா, நீயும் வான்னு கூப்பிடணும். அவளுக்கு அங்க அம்மா இருக்காங்க, நல்ல வேலை இருக்கு. வரமாட்டேன்னு சொல்லிடுவா. கூப்பிடாமலே போயிட்டா, அவ மாட்டேன்னு சொன்னதா ஆகாதுல்ல.”

ரோஸ்மெரிக்குக் கோபம் வந்தது. கொசுறு மீனை எடுத்து அவன் மண்டையிலேயே ஒன்று போடலாமா என்னும் அளவுக்குக் கோபம். எழுந்து நின்று கத்தியிருப்பாள். ஆனால் விதி அவள் போட்டது. யாரோ ஒரு ஆளை நடுக்கரையில் நிறுத்தி எப்படித் திட்டுவது? மரியாதையாகவே கேட்டாள்.

“அந்த வேலை அவளுக்குப் பிடிச்சிருக்கா?”

“நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது.”

“அப்ப நீங்க அவளைக் கேக்கவே இல்ல. அவ பதிலையும் சேர்த்து நீங்களே சொல்லிக்கிட்டீங்க.”

அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். ரோஸ்மெரி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். இந்த ஊரில் வேண்டாம். இங்கே அவன் என்ன சொன்னாலும் நிலைக்காது என்று அவளுக்குப் பயம். கூடையைத் தனியாகவே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அதற்கடுத்த நாள் காலையில் பாறைகளைப் புரட்டித் தள்ளி வழிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இருவரும் தனித்தனியாகக் கணக்குத் தீர்த்தார்கள். தோன்யா செனோபியா ஆளுக்கொரு ரொட்டியைக் கையில் கொடுத்தாள். பிறகு கொடியிலிருந்து ஒரு ஜோடிக் காலுறையை எடுத்து ரோஸ்மெரியிடம் நீட்டினாள்.

“உன்னோடது பாப்பா. அவர் துணியோட சேர்த்துத் துவைச்சுக் காயப்போட்டிருக்கார்.”

ரோஸ்மெரிக்கு முகம் சிவந்துவிட்டது. லிம்பெர்த் ரொட்டியை உற்றுப் பார்த்தான்.

“வெக்கப்படாதே. வாரத்துக்கு ரெண்டு ஜோடி இப்படித்தான் வருது, முன்னப் பின்னத் தெரியாத மாதிரி. மாதா பிரிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே பிரிஞ்சுக்கிறீங்க, எனக்கு ரெண்டு அறை போகுது.” அவள் முற்றத்தின் எதிர்வரிசையைத் தாடையால் காட்டினாள். “அந்த வரிசை பூரா அந்தக் காசுல கட்டினதுதான்.”

லிம்பெர்த்தின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அப்படி வந்தவர்கள் பிரியாமல் இருக்கிறார்களா என்று ரோஸ்மெரி கேட்டாள். சிலர் இருக்கிறார்கள், சிலர் இல்லை, ஒரே அறை எடுத்தவர்களிலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, தோன்யா செனோபியா அறைகளைப் பெருக்கப் போய்விட்டாள்.

திக்கினாவில் எல்லோரும் இறங்கினார்கள். பேருந்தைப் பலகைத் தெப்பத்தில் ஏற்றித் தள்ளினார்கள். ஆட்களுக்குச் சின்னப் படகு. பையை யாரிடமும் நம்பி விடாத பழக்கத்தால் இருவரும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். லிம்பெர்த் பள்ளிக்கூட மணிக்குக் காத்திருக்கிற பையனைப்போல எதிர்க்கரையையே முறைத்துக்கொண்டிருந்தான். படகின் மூக்கு படித்துறையில் இடித்ததோ இல்லையோ, திரும்பினான்.

“அரெகிப்பாவுக்குப் போகணும்னா திரும்பவும் கோபகபானா வழியாத்தான் வரணும்.”

“அதுக்குள்ள தேசகுவாதேரோ திறந்திருக்கும்.”

“திறக்கலைன்னா? இன்னொரு தடவை ரெண்டு அறைக்கு வாடகை குடுக்க என்னால ஆகாது ரோஸ்மெரி.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆறு வருஷத்தில் இந்தப் பேச்சை அவன் எப்படியெல்லாம் ஆரம்பிப்பான் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பூ இருந்தது, பாட்டு இருந்தது, ஒருமுறை குதிரைகூட இருந்தது. வாடகை இருந்ததில்லை. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. ஆனாலும் அவனை லேசில் விடுவதாக இல்லை.

“இது கேள்வி இல்ல. கேளு.”

இறங்கச் சொல்லிப் படகுக்காரன் சத்தம் போட்டான். பின்னால் ஒரு அம்மாள் மூட்டையால் முதுகில் இடித்தாள். லிம்பெர்த் அசையவில்லை.

“என்னைக் கட்டிக்கிட்டு அரெகிப்பாவுக்கு வர்றியா? நீ மாட்டேன்னு சொன்னாலும் சரி. நீயே சொல்லு.”

“வர்றேன்,” என்றாள் ரோஸ்மெரி. “எங்கம்மாகிட்ட நீதான் பேசணும். அடுப்பையும் இனிமே நீதான் தூக்கணும்.”

கரையேறிப் பேருந்துக்காகக் காத்திருக்கும்போது அவள் தன் பையைத் திறந்து அடுப்பை எடுத்துக் கொடுத்தாள். எங்கே வைப்பதென்று முதலில் அவனுக்குத் தெரியவில்லை. பையில் இடமே இல்லை. பிறகு பாத்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே வைத்தான். அளவெடுத்துச் செய்ததுபோல அடுப்பு அதில் உட்கார்ந்தது. இத்தனை மலை ஏறி இறங்கியும் இது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.