மைக் டீச்சரைப் பற்றி விசாரித்தார்கள்

மைக் டீச்சருக்கு வழியனுப்பு விழா அமர்க்களமாக நடந்து முடிந்துவிட்டது. மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள், அறிவியல் டீச்சர் மூக்கு சிவக்க அழுதாள். தலைமையாசிரியர் ‘கடல் கடந்து கணக்கைப் பரப்பப் போகும் நம் சகோதரி’ என்று ஆரம்பித்து, எப்படி முடிப்பதென்று தெரியாமல் வெகுநேரம் பேசினார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. டீச்சர் இன்னும் போகவில்லை.

விசா வரவில்லை. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றிருக்கும். பல் தேய்த்துவிட்டு வந்து பார்ப்பாள். அப்போதும் பரிசீலனையில்தான் இருக்கும்.

மைக் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஓர் ஆண்டு விழாவில் கரண்ட் போய் மைக் செத்துவிட, டீச்சர் வெறும் தொண்டையிலேயே நன்றியுரை சொன்னாள். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பெற்றோர்கள் பதறி எழுந்து கை தட்டினார்கள். அன்றிலிருந்து தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. அப்பேர்ப்பட்ட தொண்டையை வைத்துக்கொண்டு இப்போது அவள் வீட்டுக்குள் பூனை மாதிரி நடமாட வேண்டியிருந்தது. வெளியே தலை காட்டினால் போதும்.

“டீச்சர், நீங்க இன்னும் போகலையா?”

“போயிட்டேன்டா. இது நிழல்.”

பழைய பள்ளிக்கூடத்துப் பக்கம் போவதே இல்லை. அறிவியல் டீச்சர் தன் கண்ணீரைத் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயம். அங்கே அவள் நாற்காலியில் புது டீச்சர் உட்கார்ந்தாகிவிட்டது. ஆக, இங்கே வேலை இல்லை. வெளிநாட்டிலோ, பள்ளி திறக்கும் திங்கட்கிழமை காலையில் வகுப்பில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

கட்டி வைத்த பெட்டி கூடத்தின் நடுவில் கிடந்தது. முதல் வாரம் அதிலிருந்து சீப்பை மட்டும் எடுத்தாள். பிறகு துண்டு. பிறகு புதுச் செருப்பு. இப்போது பெட்டியில் பெட்டிதான் மிச்சம்.

“அக்கா, பேசாம பெட்டிக்குள்ள நீயே உக்காந்துக்கோ. பார்சல்ல போட்டுடறேன்,” என்றான் தம்பி. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினைக்கும் ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுவதே தீர்வு என்று நம்புகிறவன்.

டீச்சர் சிரித்தாள். ஆனால் உள்ளே பயம் ஏறிக்கொண்டிருந்தது. சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது தன் கதவைத் தானே பூட்டி, சாவியைத் தன் பையில் தானே போட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுக்கு நெடுநாள் ஆசை. இந்த வீட்டில் சாவி அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை.

இந்த நிலைமையில் ஒரு நாள் டீச்சர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டுக் கீழே வந்தபோது, அம்மா முகத்தில் ஒரு தினுசான வெளிச்சம். டீயில் சர்க்கரை தாராளமாக விழுந்திருந்தது.

“என்னம்மா விசேஷம்?”

“ஒண்ணுமில்லையே. பொண்ணுக்கு ஒரு டீ போட்டுக் குடுக்கக் கூடாதா?”

அம்மா ஒன்றுமில்லை என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். என்ன இருந்தது என்பது இரண்டு நாள் கழித்து மின்னஞ்சலில் வந்தது. விசா அலுவலகத்திலிருந்து. டீச்சர் கைப்பேசியை நீட்ட, தம்பிதான் வாங்கிப் படித்தான்.

“‘தங்கள் விண்ணப்பம் தொடர்பாக வீட்டுத் தொலைபேசி எண்ணில் தங்கள் தாயாரிடம் விவரங்கள் சரிபார்க்கப்பட்டன. அவற்றில் முரண்பாடுகள் காணப்படுவதால்...’ அக்கா, என்னமோ வில்லங்கம்.”

“மேல படிடா.”

“‘கடவுச்சீட்டின்படி தங்கள் வயது முப்பத்திரண்டு. தாயார் கூறியது இருபத்தெட்டு.’”

டீச்சர் மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா கூரையில் பல்லி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“‘விண்ணப்பதாரர் பொழுதுபோக்குக்காகவே பணியாற்றுவதாகவும், வேண்டாமென்றால் விட்டுவிடுவார் என்றும் கூறப்பட்டது. விண்ணப்பித்திருப்பது ஆசிரியர் பணிக்கு. ஆனால் இயல்பிலேயே அவர்...’” தம்பிக்குச் சிரிப்பு வந்து மூச்சு முட்டியது. “‘...வாய் திறந்து பேசவே மாட்டார் என்றும் தெரிவிக்கப்பட்டது.’ அம்மா! யாரைப் பத்திம்மா சொன்ன? பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பத்தியா?”

“முழுசாப் படி,” என்றாள் டீச்சர். குரல் தெருமுனை வரை போயிருக்கும்.

“‘வெளிநாடு செல்லும் எண்ணம் அவருக்கு அறவே இல்லை. அப்படியே போனாலும் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிடுவார்.’ வாராவாரம் பிளேன்ல வருவியாக்கா? வரும்போது எனக்கு ஒரு சார்ஜர்...”

“அம்மா, யாருகிட்ட பேசறேன்னு நினைச்சு இதெல்லாம் சொன்ன?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உங்க அத்தை சொல்லியிருந்தா. நல்ல இடம் ஒண்ணு இருக்கு, ஃபோன் பண்ணி விசாரிப்பாங்கன்னு. அன்னைக்கே ஒரு அம்மா கூப்பிட்டாங்க. ‘உங்க பொண்ணைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்’னு அவ்வளவு தன்மையாக் கேட்டாங்க. நான் என்னத்தைக் கண்டேன்?”

“யாரு, எங்கேருந்து பேசறீங்கன்னு கேக்க மாட்டியா?”

“கேக்கலாமாடி? இந்த மாதிரி விஷயத்துல யாருன்னு கேக்கக் கூடாது. அவங்க சொல்லாம விசாரிப்பாங்க, நாம தெரியாத மாதிரி பதில் சொல்லணும். அதுதான் மரியாதை. ஆபீஸ்லேருந்து பேசறேன்னாங்க. சரி, பையனுக்கு ஆபீஸ் வேலைன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“போனா திரும்பி வருவாங்களான்னு கேட்டதுக்கு வாராவாரம் வருவான்னு...”

“புருஷன் வீட்டுலேருந்துடி! பின்ன? அம்மாவைப் பாக்க வர மாட்டியா?”

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். டீச்சருக்குச் சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது. வருடக்கணக்கில் எத்தனையோ பிள்ளைகளின் தப்புக் கணக்கைத் திருத்தியவள். விடை, வழிமுறை, படிகள் அத்தனையும் இவ்வளவு ஒழுங்காக, கேள்வி மட்டும் வேறாக இருந்த விடைத்தாளை அவள் பார்த்ததே இல்லை.

மின்னஞ்சலின் கடைசியில் தாயாருடன் வெள்ளிக்கிழமை நேரில் வரவும் என்றிருந்தது. பள்ளி திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பேருந்தில் டீச்சர் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். “கேட்டதுக்கு மட்டும் பதில். உள்ளது உள்ளபடி. கூட்டாத, குறைக்காத.”

“நீ பேசாம வா. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சதாலதான் இங்க வந்து நிக்கறோம்.”

விசா அலுவலகத்தில் நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள், யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஜன்னல் ஜன்னலாக அதிகாரிகள். டோக்கன் எண் வந்ததும் போய் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு பெண் அதிகாரி, ஜலதோஷம் பிடித்திருந்தவர், மூக்கை உறிஞ்சியபடி கோப்பைத் திறந்து, “வணக்கம்மா,” என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. “நீங்கதானா அது! குரலை வெச்சே கண்டுபிடிச்சிட்டேன். அன்னைக்குத் தொண்டை நல்லா இருந்துச்சே!”

டீச்சர் மேசைக்குக் கீழே அம்மாவின் காலை மிதித்தாள்.

“உங்க பொண்ணுக்கு என்ன வயசு?” என்றார் அதிகாரி.

அம்மா திரும்பிப் பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பையனைப் பெற்றவர்கள் போல இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தி என்னவோ சொன்னாள்.

“கண்ணாடி இருக்கு, கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க.”

“முப்பத்திரண்டு!” என்றாள் அம்மா. டீச்சரின் தொண்டை எங்கிருந்து வந்தது என்று அந்தக் கூடம் முழுவதுக்கும் தெரிந்துபோனது.

“வாய் திறந்து பேச மாட்டாங்கன்னு சொன்னீங்க.”

“அது வந்துங்க...” அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். “அது அப்பட்டமான பொய்ங்க. இவ வாயை மூடினா உடம்பு சரியில்லையோன்னு எனக்குப் பயமாயிடும். சாயங்காலம் ட்யூஷனுக்குப் பசங்க வரும். ஒரே கணக்கை நாலு விதமாச் சொல்லுவா. நாலாவது விதமும் புரியலைன்னா அஞ்சாவதா ஒண்ணு கண்டுபிடிப்பா. ஒரு பிள்ளையைக்கூடத் திட்டினதில்ல. நான் அந்தப் பக்கம் காய் நறுக்கிட்டே கேட்டுட்டிருப்பேன். பள்ளிக்கூடத்துல எனக்குப் பின்னம் ஏறவே இல்லைங்க. அரை பெருசா, மூணுல ஒண்ணு பெருசான்னு கேட்டா மூணுதானே பெருசும்பேன். இவ சொல்லித்தான் புரிஞ்சது. இவளுக்கே தெரியாது.”

டீச்சருக்கு நிஜமாகவே தெரியாது.

அதிகாரி ஏதோ தட்டச்சு செய்தார். “வேலையைப் பொழுதுபோக்குக்குப் பாக்கறாங்கன்னு...”

“எங்க வீட்டுக்காரர் போனப்புறம் வீடு இவ தலையிலதான் நின்னுச்சு. என்ன பொழுதுபோக்கு!”

“சரி. அங்க போகவே மாட்டாங்கன்னு ஏன் சொன்னீங்க?”

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

“மாப்பிள்ளை வீடுன்னு நினைச்சுத்தான் மத்ததெல்லாம் சொன்னேன். இதை மட்டும்... யாரு கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். வாயில தன்னால வந்துடுச்சு.”

இந்த முறை டீச்சர் காலை மிதிக்கவில்லை. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜலதோஷம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

“இது ரொம்ப முக்கியம்மா. வேலையில சேரப்போறது உறுதின்னு தெரியாம நாங்க விசா கொடுக்க முடியாது. இப்பச் சொல்லுங்க. போவாங்களா, மாட்டாங்களா?”

“சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை விசாரிக்கணும்.”

“இங்க கேள்வி கேக்கறது நாங்க.”

“அதெப்படிங்க? எங்க வீட்டைப் பத்தி நீங்க எவ்வளவு கேட்டீங்க! நான் ஏதாவது மறைச்சேனா?”

அதிகாரி மின்னஞ்சலின் நகலை எடுத்துக் கண்ணாடி மீது வைத்துக் காட்டினார்.

“சரி, எல்லாத்தையும் மறைச்சேன்,” என்றாள் அம்மா. “இருந்தாலும் பொண்ணைக் குடுக்கற இடத்தை நாங்களும் விசாரிக்க வேணாமா? அந்தத் தலைமையாசிரியை எப்படி? சிடுசிடுன்னு விழற ஆளா?”

“அம்மா!” என்றாள் டீச்சர்.

“நீ சும்மா இரு. இது பெரியவங்க பேசற விஷயம்.”

அதிகாரி ஒரு கணம் டீச்சரைப் பார்த்தார், பின்னால் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார், பிறகு கோப்பில் சில பக்கங்களைத் தள்ளினார். “அவங்க கோபத்தைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல. இதுக்கு முன்னாடி இங்கேருந்து போன டீச்சர் ரெண்டு பேர் ஒப்பந்தம் முடிஞ்சும் அங்கயே இருக்காங்க.”

“அப்ப நல்ல மனுஷிதான். தங்கற இடம்?”

“பள்ளிக்கூடத்துக்குள்ளேயே. தனி அறை.”

“உள்தாழ்ப்பாள் இருக்குமா?”

“அது... குறிப்பிடலை.”

“எழுதிக் கேளுங்க. குளிர் எப்படி? இவளுக்கு நெஞ்சுல சளி கட்டும். கட்டினா தொண்டை போயிடும், தொண்டை போச்சுன்னா பசங்க பாடு என்ன ஆகறது?”

அதிகாரி உண்மையாகவே ஒரு தாளில் ‘தாழ்ப்பாள்’ என்று எழுதிக்கொண்டார். “குளிர் இருக்கும். கம்பளி வாங்கிக் குடுங்க. இன்னும் ஏதாவது இருக்கா?”

அம்மா யோசித்துப் பார்த்தாள். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை போலிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, எந்தக் கண்ணாடியும் தடுக்க முடியாத குரலில் சொன்னாள்.

“போவாங்க. நான் அனுப்பி வெக்கறேன்.”

அதிகாரி சிறிது நேரம் தட்டச்சு செய்தார். உள்ளே எழுந்து போனார். டீச்சர் பாதி உயிரோடு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது கையில் பாஸ்போர்ட் இருந்தது. ஒரு பக்கத்தைப் பிரித்து வழவழவென்ற சீட்டைக் காட்டிவிட்டு, “முரண்பாடு நீங்கிடுச்சு. ஞாயித்துக்கிழமை பிளேன்ல ஏறினா திங்கட்கிழமை வகுப்புக்குப் போயிடலாம்,” என்றார்.

இத்தனை நாள் பல் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் காத்திருந்த சீட்டு அது. டீச்சர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, “நாளை மறுநாளா?” என்றாள். “அதுக்குள்ளேயா? பெட்டியில ஒண்ணுமே இல்லையே... ஒரு வாரம் தள்ளி வரேன்னு அவங்களுக்கு நீங்க ஒரு வார்த்தை எழுத முடியுமா?”

அதிகாரி பதில் சொல்வதற்குள் அம்மா கண்ணாடிக்குக் கீழே கையை நீட்டி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள்.

“அவ கிடக்கா. முதல் நாளே தாமதமாப் போனா பசங்க எப்படி மதிக்கும்?”

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. “இந்த வெயில்ல எங்கடி கம்பளி விக்கறான்?” என்று கேட்டுக்கொண்டே அம்மா கடைத்தெருப் பக்கம் வேகமாக நடந்தாள். “உள்தாழ்ப்பாள் ஒண்ணும் வாங்கிடலாம். தம்பிகிட்டச் சொல்லி ஸ்க்ரூவோட எடுத்து வைக்கச் சொல்றேன். அவங்க எழுதி, இவங்க பதில் போட்டு, அதுக்கு எத்தனை நாளாகுமோ.”

“அம்மா, மெதுவாப் போயேன்.”

“மெதுவாப் போக நேரம் எங்க இருக்கு?”

ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போகிற அந்தக் கல்யாணப் புடவையை விட்டுவிடாமல், டீச்சர் பின்னாலேயே ஓடினாள்.